விதைக்கும் முன்பே பணம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நாங்கள் 20 குடும்பங்கள் சேர்ந்து, பருவத் தொடக்கத்திலேயே ஒரு விவசாயிக்குப் பணம் கொடுத்து வாராவாரம் காய்கறி வாங்க நினைக்கிறோம். மழை கெடுத்துவிட்டால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?

பதில்: கேட்கக் கூடாது. நீங்கள் தருவது காய்க்கு விலை அல்ல, சாகுபடிச் செலவில் உங்கள் பங்கு. ஜப்பானில் 1970களில் 'தெய்கெய்' என்ற பெயரில் பரவிய முறை இது. அமெரிக்காவில் 1986இல் இரண்டு பண்ணைகள் இப்படித் தொடங்கின. வெள்ளத்தையும் வறட்சியையும் உழுபவர் தலையில் மட்டும் கட்டுவது நியாயமே இல்லை.

ஆனால் விவசாயியின் அலட்சியத்துக்கு நீங்கள் பொறுப்பல்ல. மழை, பூச்சி, நோய் என்றால் நட்டம் எல்லோருக்கும். பருவம் தவறி விதைத்தாலோ, உங்கள் பங்கை வெளியே விற்றாலோ நட்டம் அவருக்கு. இதை முதலிலேயே எழுதிக் கையெழுத்திடுங்கள்.

விதை, எரு, கூலி, தண்ணீர், வண்டிச் செலவு ஆகியவற்றைக் கூட்டிப் பங்குகளால் வகுக்க வேண்டும். அவர் குடும்பத்தாரின் உழைப்புக்கான கூலியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். விட்டால் பாதிப் பருவத்தில் கை கடிக்கும், நல்ல காய் வெளிச்சந்தைக்குப் போய்விடும். எதிர்பார்க்கும் மகசூலில் முக்கால் பங்கை வைத்தே எத்தனை குடும்பம் என்று முடிவு செய்யுங்கள். முதல் ஆண்டில் ஆட்களை அதிகம் சேர்த்துத்தான் பெரும்பாலும் சறுக்குகிறது. பீன்ஸ், முள்ளங்கி போன்றவற்றை ஒரே நாளில் விதைக்காமல் இரண்டு வார இடைவெளியில் விதைக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் ஒரு வாரம் குவியும், மறுவாரம் கூடை காலி.

மருந்து தெளித்தால் தேதி, மருந்து, அளவு, எந்தப் பாத்தி என்று அவர் குறித்து வைக்க வேண்டும். எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்பது மருந்து டப்பாவில் ஒட்டியிருக்கும் சீட்டிலேயே இருக்கும். அந்த நாள் முடியாத பாத்தியில் பறிக்கக் கூடாது. அந்த வாரம் கூடை குறைந்தால் நீங்களும் முகம் சுளிக்கக் கூடாது. "எப்படியாவது அனுப்புங்கள்" என்று நெருக்குவதுதான் நஞ்சைத் தட்டுக்குக் கொண்டுவருகிறது.

கேள்வி: என் நிலத்தில் நான் போடும் உரத்தைப் பற்றி அக்கம்பக்கத்தார் கேட்பது சரியா?

பதில்: சரிதான். உரத்திலிருந்து வரும் நைட்ரேட் என்ற உப்பு, வேருக்குப் போக மிஞ்சினால் நிலத்தடி நீரில் இறங்குகிறது. குடிநீரில் லிட்டருக்கு 50 மில்லிகிராம் வரைதான் இருக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மிஞ்சினால் புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து. கொதிக்கவைத்தாலும் அது போகாது. யூரியாவை இரண்டு மூன்று தவணையாகப் பிரித்துப் போடுங்கள், கனமழைக்கு முன் போடாதீர்கள். மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் கிணற்று நீரைச் சோதித்து, முடிவை அவர்களிடமும் காட்டுங்கள்.