ஊழியர்களின் வேலைப்பளுவைக் குறைத்தால் அவர்கள் நலமாகிவிடுவார்களா?

கேட்டவர் எச்.ஆர். வேலையில் இருக்கிறாராம். புதிதாக ஆள் எடுத்து வேலையைப் பகிர்ந்து கொடுத்தும் டீமில் எல்லோரும் சோர்ந்தே கிடக்கிறார்கள், என்ன காரணம் என்கிறார். எனக்குத் தெரிந்த பதில் எங்கள் வீட்டிலேயே இருக்கிறது.

அம்மா தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் பதினொரு வருஷம் புடவை செக்‌ஷனில் இருந்தார். தீபாவளி சமயத்தில் ராத்திரி பதினோரு மணிக்கு மாம்பலம் ஸ்டேஷன் பாலம் ஏறி இறங்கி வீட்டுக்கு வருவார். நாற்பது புடவையைப் பிரித்துப் போடச் சொல்லிவிட்டு ஒரு ஜாக்கெட் பிட் மட்டும் வாங்கிப் போன அம்மணியைப் போல நடித்துக் காட்டிக்கொண்டே சாப்பிடுவார். அசதி இருக்கும், ஆனால் படுத்தால் தூங்கிவிடுவார். அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுததெல்லாம் கடையில் ஈயாடிய நாட்களில்தான்.

ஆச்சரியமாக இருக்கும், ஆனால் காரணம் எளிது. வாடிக்கையாளர் வந்தால் நடக்கலாம், குனியலாம், பேசலாம். யாரும் வராத செவ்வாய்க்கிழமை மதியம் அசையாமல் நிற்க வேண்டும். உட்காரக் கூடாது, சுவரில் சாயக் கூடாது. சாய்ந்ததை சூப்பர்வைசர் பார்த்தால் சம்பளத்தில் பிடிப்பு. நடக்கும்போது கெண்டைக்கால் தசை ரத்தத்தை மேலே தள்ளும். சும்மா நின்றால் ரத்தம் காலிலேயே தேங்கும். அம்மாவுக்கு நரம்பு சுருட்டிக்கொண்டது அப்படித்தான். அட்டைப்பெட்டி அடுக்குவது போல கவுன்டருக்குக் கீழே குனிந்து, துணிக்கட்டின் மேல் இரண்டு நிமிஷம் உட்கார்ந்து எழுவாராம். பாத்ரூமுக்கும் அனுமதி கேட்க வேண்டும் என்பதால் மதியத்துக்கு மேல் தண்ணீரே குடிக்க மாட்டார். அந்த மதியங்களில் வேலைப்பளு என்று பார்த்தால் பூஜ்யம்.

அப்புறம் என் கதை. பெருங்குடியில் ஒரு ஐ.டி. நிறுவனத்தில் புரொடக்‌ஷன் சப்போர்ட்: வாடிக்கையாளர்கள் பயன்படுத்தும் மென்பொருள் பழுதானால் சரிசெய்யும் வேலை. ஏ.சி., சுழல் நாற்காலி, கேப் எல்லாம் உண்டு. 'அவசரம் என்றால் யாரையும் கூப்பிடுவோம்' என்பதுதான் எங்கள் டீமின் எழுதப்படாத விதி. குளிக்கப் போனாலும் போனை பாலிதீன் கவரில் சுற்றிக் குழாய் மேல் வைப்பேன். ஒரு மாதம் வீம்புக்குக் கணக்கு எடுத்தேன்: இரவில் வந்த அழைப்புகள் மூன்றே மூன்று. ஆனால் முப்பது ராத்திரியும் அரைத் தூக்கம். பக்கத்து வீட்டு போன் அடித்தாலும் எழுந்து உட்காருவேன். நிர்வாகம் எங்கள் நலனுக்காக மாலை ஆறு மணிக்கு யோகா வகுப்பு வைத்தது. பாதிப் பேர் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டுதான் மூச்சை இழுத்துவிட்டோம்.

புதிதாக வந்த டீம் லீட் ஒரே ஒரு அட்டவணை போட்டார். ஆறு பேருக்கும் ஆளுக்கு ஒரு வாரம் ஆன்-கால், அதாவது அந்த வார ராத்திரி அழைப்புகளுக்கு அவரே பொறுப்பு. மற்ற ஐந்து வாரமும் ராத்திரி போனை அணைத்துவிடலாம். இரவில் எழுந்தவர் மறுநாள் மதியம் வந்தால் போதும். டிக்கெட் (எங்களுக்கு வரும் புகார்) ஒன்றுகூடக் குறையவில்லை, பகலில் கொஞ்சம் கூடியது என்றுகூடச் சொல்லலாம். ஆனால் நான் தூங்கினேன்.

ராபர்ட் கராசெக் என்ற ஆய்வாளர் 1979லேயே அமெரிக்க, ஸ்வீடன் தொழிலாளர்களை வைத்து இதையொட்டி எழுதினார்: வேலை கடுமையாக இருந்து, அதை எப்படிச் செய்வது என்பது தன் கையில் இல்லாதபோதுதான் மன அழுத்தம் உச்சத்துக்குப் போகிறது.

அதற்காக மணிக்கணக்கு முக்கியமில்லை என்று உங்கள் எம்.டி.யிடம் போய்ச் சொல்லிவிடாதீர்கள். வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35-40 மணி நேரக்காரர்களைவிடப் பக்கவாத அபாயம் சுமார் 35 சதவீதம் கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பான ஐ.எல்.ஓ.வும் 2021ல் சொல்லியிருக்கின்றன. 2023 ஏப்ரலில் தொழிற்சாலைகளுக்கான 12 மணி நேர வேலை மசோதா நம் சட்டமன்றத்தில் நிறைவேறியபோது, 'வாரத்துக்கு அதே 48 மணி நேரம்தான், நாலு நாள் வேலை' என்று விளக்கம் வந்தது. டி.வி.யில் கேட்ட அம்மா சொன்னார்: "கணக்கு வாரத்துக்குப் போடுறாங்க. காலு அன்னன்னைக்குத்தானடி வலிக்கும்." எதிர்ப்பு கிளம்பி, மே தினத்தன்று அதைத் திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார்.

ஆகவே டீமிடம் எத்தனை மணி நேரம் வேலை என்பதோடு இன்னொன்றையும் கேளுங்கள்: எந்த நேரம் நிச்சயமாக உங்களுடையது? பதில் சொல்லத் தடுமாறினால், இன்னும் பத்துப் பேரை எடுத்தாலும் இதே கேள்வியோடு இங்கே வருவீர்கள்.

கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது 2021ல். கேரளம் நமக்கு முன்பே கொண்டுவந்துவிட்டது. அம்மா அதற்குள் வேலையை விட்டுவிட்டார். போன மாதம் ஒரு கல்யாணத்துக்குப் புடவை எடுக்க இருவரும் தி.நகர் போனோம். அம்மா புடவையைப் பார்க்கவில்லை, கவுன்டருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். ஸ்டூல் இருந்தது, அதன் மேல் அட்டைப்பெட்டிகளும் இருந்தன. "நான் மெதுவாத்தான் பாப்பேன், நீ பொட்டிய எறக்கிட்டு உக்காரும்மா" என்றார். அந்தப் பெண் முதலில் நிமிர்ந்து கேமராவைப் பார்த்தாள்.