தீயணைப்பு வீரர்களின் சம்பளத்தையும் வேலையையும் மறு ஆய்வு செய்ய வேண்டுமா?

கேள்வி: “தீ எப்போதாவதுதான் பிடிக்கிறது. மீதி நாள் நிலையத்தில் சும்மாதானே இருக்கிறார்கள்? அவர்களுடைய சம்பளம், வேலை நேரம் எல்லாவற்றையும் மறு ஆய்வு செய்ய வேண்டும் என்கிறார்களே, ஏன்? என் தம்பி இந்தத் தேர்வு எழுதப் போகிறான், அதனால் கேட்கிறேன்.”

தீயணைப்பு வீரராகச் சேர்ந்து, தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்க நிலையங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பதில் கொஞ்சம் ஒரு பக்கம் சாயும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தீ குறைந்திருக்கிறது என்பது எங்கள் பக்கத்தில் உண்மைதான். நான் சேர்ந்த காலத்தில் சித்திரை, வைகாசி வந்தால் கீழத்தஞ்சையில் குடிசைத் தீ ஓயாது. ஒரு கூரையில் பிடித்தால் காற்றில் தெருவே போய்விடும். வண்டித் தொட்டியில் இருக்கும் 4,500 லிட்டர் தண்ணீர் சில நிமிடத்தில் காலி. அப்புறம் குளத்திலோ வாய்க்காலிலோ பம்பை இறக்க வேண்டும், கோடையில் இரண்டும் வற்றிக் கிடக்கும். இப்போது பெரும்பாலும் கான்கிரீட் வீடுகள். கூரை போனது, கூரைத் தீயும் போனது. அதற்காக நிலையத்தில் மணி அடிப்பது குறைந்துவிட்டதா என்றால், இல்லை.

இன்று டெல்டாவில் ஒரு நிலையத்தின் அழைப்புப் பதிவேட்டைப் புரட்டினால் என்ன இருக்கும் தெரியுமா? அடுப்படியில் புகுந்த நல்ல பாம்பு, கிணற்றில் விழுந்த பசுமாடு, மின்கம்பியில் உரசிப் பற்றிய வைக்கோல் லாரி, சாலையில் நொறுங்கிய காருக்குள் சிக்கியவர், வீங்கிப்போன விரலில் இருந்து கழற்ற முடியாத மோதிரம், சில்வர் பாத்திரத்துக்குள் தலையை விட்டுக்கொண்ட குழந்தை. இதில் கதண்டு, அதாவது பெரிய விஷக் குளவி, தனிக் கதை. பனைமரத்திலோ தென்னையிலோ கூடு கட்டியிருக்கும். கொட்டி ஆள் செத்த ஊர்கள் எங்கள் பக்கம் உண்டு. பகலில் கலைத்தால் ஊரையே துரத்தும் என்பதால், எல்லாம் கூடு அடைந்த பிறகு இரவில்தான் போவோம். உடல் முழுக்க மூடிக்கொண்டு, தீப்பந்தத்தோடு, இருட்டில் உயரத்தில் நின்று செய்கிற வேலை. கீழே ஊர்க்காரர்கள் செல்போனில் படம் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். முடிந்ததும் டீ வாங்கித் தருவார்கள், அது வேறு.

பாம்பு பிடித்தால் காட்டில் விட வேண்டும் என்பார்கள். கோடியக்கரை, முத்துப்பேட்டை அலையாத்தி பக்கம் போனால்தான் எங்களுக்குக் காடு. நடுவில் முழுக்க நெல் வயல். வனத்துறைக்காரர் வந்து வாங்கிப் போகும் வரை பிளாஸ்டிக் ஜாடிக்குள் அதுவும் நிலையத்தில் எங்களோடுதான் பணியில் இருக்கும்.

ஆனால் டெல்டாவில் இந்த வேலையின் முழுக் கனமும் தண்ணீரில்தான். ஜூன் 12 மேட்டூர் திறந்தால் சில நாளில் கல்லணை திறப்பார்கள். வாய்க்கால் வரை தண்ணீர் ஓடும். ஆடிப்பெருக்கு வரும். கொள்ளிடத்தில் வெள்ளம் விட்டால் இன்னும் மோசம். மேலே அமைதியாகத் தெரியும், மணல் அள்ளிய குழி கீழே இருக்கும். வெளியூரிலிருந்து கோயில் பார்க்க வந்தவர்கள் குளிக்க இறங்குவார்கள். அழைப்பு வந்து நாங்கள் போய்ச் சேரும்போது பெரும்பாலும் உயிர் மிஞ்சுவதில்லை. அதன் பிறகு நடப்பது தேடல். ரப்பர் படகு, லைஃப் ஜாக்கெட், கயிறு, கிணற்றில் வாளி எடுக்கிற அதே பாதாளக் கொலுசு. கரையில் அந்தப் பிள்ளையின் அம்மா உட்கார்ந்திருப்பார். இருட்டினால் தேடலை நிறுத்த வேண்டும். அதை அந்த அம்மாவிடம் போய்ச் சொல்வதும் எங்களில் ஒருவரின் வேலைதான். எந்தப் பயிற்சியிலும் அதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

2004-ஐ எங்கள் தலைமுறை ஆட்கள் மறக்க மாட்டார்கள். ஜனவரியில் ஸ்ரீரங்கம் கல்யாண மண்டபத் தீ. ஜூலை 16 கும்பகோணம் பள்ளித் தீ, 94 பிள்ளைகள். டிசம்பர் 26 சுனாமி, நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேல் சாவு. ஒரே ஆண்டுக்குள், பஸ்ஸில் போய்வரக்கூடிய தூரத்துக்குள், இத்தனையும். கும்பகோணத்துக்குப் பிறகு பள்ளிகளில் கூரைக் கொட்டகை போயிற்று, தீயணைப்புத் துறையின் சான்று இல்லாமல் பள்ளி நடத்த முடியாது என்று ஆயிற்று. நல்லது. அதோடு ஆய்வு, சான்று, ஒத்திகை எல்லாம் எங்கள் வேலைப் பட்டியலில் ஏறின. அந்த ஆண்டில் உடல்களைத் தூக்கியவர்களைக் கூப்பிட்டு “தூக்கம் வருகிறதா?” என்று கேட்க ஒரு ஏற்பாடு இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. என்னோடு வேலை பார்த்த ஒருவர் அதன்பின் பள்ளிக்கூட ஒத்திகைக்கு மட்டும் போக மாட்டார், கெஞ்சி வேறு ஆளை மாற்றிவிடுவார். நிலைய அலுவலர் நல்ல மனுஷன், காரணம் கேட்காமல் விட்டுவிடுவார். விதியில் அதற்கு இடம் கிடையாது.

சம்பளத்துக்கு வருகிறேன். சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் இரண்டாம் நிலைக் காவலர், சிறைக்காவலர், தீயணைப்பாளர் மூன்றுக்கும் ஒரே தேர்வு வைக்கிறது. 2023 அறிவிப்பில் மூன்றுக்கும் 18,200 முதல் 67,100 ரூபாய் வரை என்ற ஒரே ஊதிய விகிதம். அகவிலைப்படி, வாடகைப்படி சேர்ந்தால் கைக்கு வருவது கூடும். பத்தாம் வகுப்புத் தகுதிக்கு இது மோசம் என்று சொல்ல மாட்டேன். கும்பகோணத்தில் ஜவுளிக்கடையில் நிற்கிற பையனோடு ஒப்பிட்டால் கௌரவமான சம்பளம். என் குறை வேறு. 1967-ல் காவல் துறையிலிருந்து பிரிந்து தனித் துறை ஆன பிறகும் இந்தச் சம்பளத்தைப் போலீஸைப் பார்த்துத்தான் போடுகிறார்கள். இந்த வேலையைப் பார்த்துப் போடவில்லை. கொள்ளிடத்தில் இறங்குவதற்கு என்ன விலை, மலக்குழிக்குள் மயங்கிக் கிடப்பவரைத் தூக்க பிஏ செட்டை (முதுகில் காற்று உருளையோடு மாட்டும் சுவாசக் கருவி) மாட்டிக்கொண்டு இறங்குவதற்கு என்ன விலை என்று தனியாக உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும்.

வேலை நேரமும் அப்படித்தான். நான் இருந்த நிலையங்களில் 24 மணி நேரம் பணி, 24 மணி நேரம் ஓய்வு. வாரச் சராசரி 84 மணி நேரம். “பாதி நேரம் படுத்துத்தானே இருக்கிறீர்கள்” என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: பூட்ஸைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுப்பது தூக்கம் ஆகாது. ஓய்வு நாளையும் திருவாரூர் ஆழித்தேர், வேளாங்கண்ணி, நாகூர் கந்தூரி என்று பாதுகாப்புப் பணி தின்றுவிடும். உடம்பு விஷயத்தில் இன்னொன்று: உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2022-ல் தீயணைப்புத் தொழிலையே புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகையில் சேர்த்துவிட்டது. புகை படிந்த சட்டையை வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவியின் துணிகளோடு ஊறவைத்த தலைமுறை நாங்கள்.

வெளிநாட்டில் இப்படி ஒரு ஆய்வு நடந்திருக்கிறது. பிரிட்டனில் 2002 நவம்பரில், ஆண்டுக்கு 30,000 பவுண்டு கேட்டுத் தீயணைப்பு வீரர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ராணுவம் 1950-களின் பழைய பச்சை வண்டிகளை எடுத்துக்கொண்டு தீயணைக்க வந்தது. டிசம்பரில் ஜார்ஜ் பெய்ன் தலைமையிலான ஆய்வு அறிக்கை, வேலை முறையை மாற்றச் சம்மதித்தால்தான் உயர்வு என்றது. அங்கே அது பெரிய கசப்பு. கடைசியில் 2003-ல் 16 சதவீதம், தவணை முறையில், அதே நிபந்தனையோடு. அந்தப் பேரத்தை நான் பாராட்ட மாட்டேன். ஆனால் 2004-ல் வந்த சட்டம், சாலை விபத்தில் மீட்பதும் தீயணைப்புப் படையின் கடமை என்று எழுதி வைத்தது. அந்த ஒன்று இங்கேயும் வேண்டும். எழுதி வைத்தால்தான் அதற்கு ஆள், கருவி, பயிற்சி, இழப்பீடு என்று உரிமையாகக் கேட்க முடியும். இல்லாவிட்டால் எல்லாமே “உதவி” கணக்கில் போய்விடும்.

ஆகவே மறு ஆய்வுக்கு யார் வந்தாலும் சம்பளப் பட்டியலை அப்புறம் திறக்கட்டும். முதலில் மாவட்ட வாரியாகப் பத்து வருட அழைப்புப் பதிவேட்டை எடுக்கட்டும். சிவகாசிக்கும் சீர்காழிக்கும் ஒரே வண்டி, ஒரே பயிற்சி, ஒரே ஆள் கணக்கு என்றால் சரிவராது. டெல்டா நிலையத்துக்கு ஆழ்நீரில் தேடத் தெரிந்தவர்கள், நல்ல படகு, மரம் அறுக்கும் இயந்திரங்கள் வேண்டும். 2018 நவம்பரில் கஜா வேதாரண்யம் பக்கம் கரை ஏறிப் பட்டுக்கோட்டை, பேராவூரணித் தென்னைகளைச் சாய்த்தபோது ஒரு பவர் சா எத்தனை ஊருக்கு ஓடியது என்று அங்கே இருந்தவர்களைக் கேளுங்கள். பேரிடர் மீட்புப் படை அரக்கோணத்திலிருந்து வந்து சேர வேண்டும். அதுவரை உள்ளூர் நிலையம்தான்.

உங்கள் தம்பி விஷயம். தாராளமாகச் சேரட்டும். ஊர் மரியாதை இந்தச் சட்டைக்கு அதிகம், லஞ்சப் பேச்சு குறைவு, வேலை நிரந்தரம். உடல்திறன் தேர்வில் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும். கயிறு ஏறுதல், நீளம் அல்லது உயரம் தாண்டுதல், 100 அல்லது 400 மீட்டர் ஓட்டம் உண்டு. நீச்சல் கிடையாது. பணி டெல்டாவில் விழுந்தால் முதல் ஆடி மாதத்திலேயே அது தேவைப்படும். அதனால் தேர்வு முடிவுக்குக் காத்திருக்காமல் இப்போதே, தெரிந்த ஆள் ஒருவரோடு, ஓடாத தண்ணீரில் பழகச் சொல்லுங்கள். உள்நீச்சலும் சேர்த்து.