காதைப் பொத்துவதை விடுங்கள், உறைந்து நிற்பதைச் சொல்லுங்கள்

அம்மா, நான்கு பக்கக் கடிதத்தில் பதினோரு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே பயம்தான் தெரிகிறது. ஃபிரஜைல் எக்ஸ் என்ற மரபணுக் கோளாறு உள்ள உங்கள் 5 வயது மகன் ஹேர் டிரையர் சத்தத்துக்கே காதைப் பொத்திக்கொண்டு மூலைக்கு ஓடுகிறான். ஆராய்ச்சிக்காக எடுத்த இஇஜி (மூளையின் மின்னோட்டத்தைப் பதியும் சோதனை) பதிவில் அவன் மூளை ஒலிக்கு மிகையாகப் பதில் தருகிறது என்று சொல்லியிருக்கிறார்கள். அன்றிரவே இணையத்தில் தேடி, இதே கோளாறுள்ள எலிகள் பலத்த சத்தம் கேட்டால் வலிப்பு வந்து இறக்கும் என்று படித்திருக்கிறீர்கள். அப்புறம் நீங்கள் தூங்கவில்லை.

சத்தம் உங்கள் பிள்ளையைக் கொல்லாது. முதலில் அதை மனதில் இருத்துங்கள்.

அந்த எலிகள், ஃபிரஜைல் எக்ஸில் முடங்கிப்போகும் எஃப்எம்ஆர்1 என்ற மரபணுவைச் செயலிழக்க வைத்து ஆய்வகத்தில் வளர்க்கப்பட்டவை. 100 டெசிபலைத் தாண்டிய சைரன் சத்தத்தைக் கேட்கவைத்தே அவற்றுக்கு வலிப்பை வரவழைக்கிறார்கள். மருந்துகளைச் சோதிக்க அது ஒரு வழி. ஃபிரஜைல் எக்ஸ் உள்ள குழந்தைகளுக்கு வலிப்பு வருவது உண்டு. ஆனால் சத்தம் கேட்டதால் வருவது அவர்களிடம் வழக்கமில்லை. எலிக்கும் உங்கள் மகனுக்கும் உள்ள இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் பாதி உண்மையை எழுதிப் போடுகிறவர்கள்மேல் எனக்குக் கோபம் வருகிறது. விளைவாக ஒரு தாய் வீட்டில் கதவைக்கூடச் சாத்தப் பயந்து நடக்கிறாள்.

'மிகையான பதில்' என்றால் மூளை எரிந்துகொண்டிருக்கிறது என்று பொருள் அல்ல. ஒரே சத்தம் திரும்பத் திரும்பக் கேட்டால் நம் மூளை அதற்குத் தரும் மின்பதில் சிறுத்துக்கொண்டே வரும். அறையில் ஓடும் கடிகாரம் சற்று நேரத்தில் காதில் விழாமல் போவது அதனால்தான். எஃப்எம்ஆர்1 மரபணு உருவாக்கும் புரதம், நரம்பு இணைப்புகளில் நடக்கும் பல வேலைகளுக்குப் பிரேக் போல இருக்கிறது. உங்கள் மகனுக்கு அந்தப் பிரேக் தளர்வு. ஒலி காதில் விழுந்து சுமார் 100 மில்லி நொடியில் எழும் மின் அலை அவனுக்குப் பெரிதாக எழுகிறது. பத்தாவது முறை கேட்டாலும் போதுமான அளவு அடங்குவதில்லை. நீங்கள் பழகிவிட்ட சத்தம் அவனுக்கு ஒவ்வொரு முறையும் புதுச் சத்தம். தொந்தரவுதான், காயம் அல்ல.

'பெரா டெஸ்ட் நார்மல், பிறகு எப்படி இது?' என்று கேட்டிருந்தீர்கள். பெரா பார்ப்பது காது நரம்பும் மூளைத் தண்டும் தரும் முதல் 10 மில்லி நொடிப் பதிலை. அதற்கு மேலே, மூளைப் புறணியில் நடப்பதை அது பார்க்காது. இரண்டு முடிவும் சரியே. ஆனால் இந்தக் குழந்தைகளுக்கு நடுக்காதில் அடிக்கடி நீர் கோத்துக்கொள்ளும். காது மருத்துவரிடம் அதை மட்டும் அவ்வப்போது பாருங்கள்.

இனி நான் நிறுத்த வேண்டிய இடம். மூன்றாம் பக்கத்தில், போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருக்கிறீர்கள்: 'சில சமயம் விளையாட்டின் நடுவே பொம்மை ரயிலைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிடுவான். உதட்டைச் சப்புவான். கூப்பிட்டால் திரும்பமாட்டான். சத்தம் பிடிக்காமல் மனதை மூடிக்கொள்கிறானோ?'

பதினோரு கேள்விகளில் இது இல்லை. என்னை உட்கார வைத்தது இதுதான்.

சத்தம் பிடிக்காத குழந்தை காதைப் பொத்தும், அழும், ஓடும். செய்துகொண்டிருந்ததை நடுவில் விட்டு உறைந்து நிற்காது. இது வலிப்பின் ஒரு வடிவமாக இருக்கலாம். வலிப்பு என்றால் கைகால் வெட்டி இழுப்பது மட்டும் அல்ல. ஃபிரஜைல் எக்ஸ் உள்ள சிறுவர்கள் 100 பேரில் ஏறக்குறைய 10 முதல் 20 பேருக்கு வலிப்பு வருகிறது; பெரும்பாலும் உங்கள் மகனின் வயதில்தான் தொடங்குகிறது. பலருக்கு ஒரே மருந்தில் கட்டுப்படும், வளர வளர நின்றும் போகும். கண்டுபிடிக்காமல் விடுவதுதான் தவறு.

அடுத்த முறை அப்படி நின்றால் பெயர் சொல்லிக் கத்தாதீர்கள். தோளைத் தொடுங்கள், விலாவில் லேசாகக் கிச்சுக்கிச்சு மூட்டுங்கள். பகல் கனவில் இருக்கும் பிள்ளை உடனே திரும்பும். தொட்டும் அசையாமல், கண் ஒரு பக்கமாக நிலைத்து, முடிந்ததும் சோர்ந்து படுத்தால், அல்லது பேசிவந்த சொற்கள் குறைந்துகொண்டே போனால், இந்த வாரமே குழந்தை நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். யாரையாவது கைபேசியில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் அரை மணி நேரம் விவரிப்பதைவிட அந்த இருபது நொடிப் படம் மருத்துவருக்கு உதவும். ஆராய்ச்சிக்கு எடுத்த பதிவு வலிப்பைத் தேடி எடுத்தது அல்ல. தூக்கத்தையும் சேர்த்துப் பதிவு செய்யும் இஇஜி வேண்டும். கைகால் இழுப்பு 5 நிமிடம் தாண்டினால் வேறு யோசனையே வேண்டாம், அவசரச் சிகிச்சைக்கு ஓடுங்கள்.

அதற்குள், உறவினர் ஒருவர் தான் சாப்பிடும் வலிப்பு மாத்திரையில் பாதி கொடுத்துப் பார்க்கச் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். ஒரு வகை வலிப்பை அடக்கும் மாத்திரை இன்னொரு வகையைக் கூட்டிவிடும். கார்பமசெபின் என்ற வலிப்பு மருந்து அப்படிச் செய்வதை நாங்கள் நன்றாக அறிவோம். 'மூளையை அமைதிப்படுத்தும்' என்று ஆன்லைனில் வாங்கிய சொட்டு மருந்தையும் நிறுத்துங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று பாட்டிலிலேயே எழுதவில்லையே.

காது மூடும் ஹெட்ஃபோன் தாராளமாகப் போடலாம், கூட்டத்திலும் இரைச்சலிலும். நாள் முழுக்க வேண்டாம். எப்போதும் மூடிய காதுக்குச் சிறு சத்தமும் பெரிதாகிவிடும். ஹேர் டிரையரைப் போடுமுன் அவனிடம் காட்டி, எண்ணி, அவன் கையாலேயே சுவிட்சைத் தட்டவிடுங்கள். எதிர்பார்த்த சத்தம் எப்போதும் கொஞ்சம் சின்னது.

உங்கள் வயிற்றில் இருந்தபோது கேட்ட சத்தம் காரணமா? இல்லை. அடுத்த குழந்தை? அதை மரபணு ஆலோசகரிடம் கணவருடன் போய்ப் பேசுங்கள், அவசரம் ஒன்றும் இல்லை.

வீடியோ கிடைத்ததும் எனக்கு எழுதுங்கள். ஆனால் அதற்காகக் காத்திராமல் மருத்துவரிடம் நேரம் வாங்கிவிடுங்கள்.