இணையம் பரவாத காலத்தில், 1980-களில் வந்த அமிகா என்ற வீட்டுக் கணினியில் அனிமேஷன்கள் எப்படிக் கைமாறின?

பெரும்பாலும் ஃப்ளாப்பி டிஸ்க்கில்தான். நண்பரிடம் ஒன்று இருக்கும். காலி டிஸ்க்கை எடுத்துக்கொண்டு போய் நகல் எடுத்து வருவார்கள். அப்புறம் அமெரிக்காவில் ஃப்ரெட் ஃபிஷ் என்ற நிரலாளர் 1986 முதல், இலவசமாகப் பகிரக்கூடியவற்றைத் திரட்டி எண் போட்டு டிஸ்க்குகளாக வெளியிட்டார். அந்த வரிசை ஆயிரத்தைத் தாண்டியது. பட்டியலில் எண்ணைப் பார்த்துத் தபாலில் வரவழைக்கலாம்.

தொலைபேசி இணைப்பில் கோப்புகளை இறக்கும் மோடம் வழியும் உண்டு, ஆனால் பொறுமை வேண்டும். அமிகா ஃப்ளாப்பியின் கொள்ளளவு 880 கேபி. நொடிக்கு 2400 பிட் வேக மோடத்தில் அது முழுதாக இறங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதுவரை வீட்டில் யாரும் தொலைபேசியைத் தொடக் கூடாது!

அளவைச் சுருக்கியதுதான் எனக்குப் பிடித்த பகுதி. எரிக் கிரஹாம் 1986-இல் செய்த 'ஜக்லர்' அனிமேஷனில், முகம் பார்க்கும் கண்ணாடிபோல் பளபளக்கும் பந்துகளைத் தூக்கிப்போட்டுப் பிடிக்கும் ஓர் உருவம் வரும். மொத்தம் 24 சட்டங்கள், அதாவது அடுத்தடுத்து ஓடும் தனிப்படங்கள். 4096 நிறங்கள் தரும், ஹேம் என்ற அமிகாவின் திரைக்காட்சி முறையில் 320×200 படம் ஒன்றுக்கே 48,000 பைட். அப்படியே வைத்தால் 24-ம் சேர்ந்து பதினொன்றரை லட்சம் பைட். ஒரு ஃப்ளாப்பியிலேயே அடங்காது. அதனால் முதல் படத்தை மட்டும் முழுதாக வைத்து, அடுத்தடுத்த சட்டங்களில் மாறிய இடங்களை மட்டும் சேமித்தார்கள். பின்னணி அசையாததால் மாறுவது கொஞ்சம்தான். பின்னால் வந்த 'அனிம்' கோப்பு வடிவமும் இதே உத்திதான்.

1992-இல் அமிகா கோப்புகளுக்கான இணையக் களஞ்சியமான அமிநெட் வந்ததும் தேடுவது எளிதாகிவிட்டது.