ஓ.எல் எழுதாமல் போன வருசம்

மதிப்புக்குரிய ஆலோசகருக்கு,

எனக்கு 51 வயது. திருகோணமலை உப்புவெளியில் வீட்டிலேயே தைக்கிறேன். 1990இல் ஓ.எல், அதுதான் சாதாரண தரப் பரீட்சை, எழுத வேண்டியவள். ஜூனில் சண்டை தொடங்கி, காட்டுவழியாக முல்லைத்தீவுக்குப் போய், அப்புறம் மன்னாரில் படகேறி இந்தியாவில் மண்டபம் அகதி முகாமுக்குப் போனோம். திரும்பி வந்ததும் கலியாணம், பிள்ளைகள்.

இப்போது ஒரு மாதமாக, எல்லாரும் படுத்த பிறகு மகளின் பழைய தரம் 10 கணக்குப் புத்தகத்தைத் திறக்கிறேன். அட்சரகணிதம் வந்தால் நெஞ்சு படபடக்கிறது. ஒருநாள் அழுதே விட்டேன். பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகன் பார்த்துவிட்டு, “அம்மா, என்னோட கம்பஸுக்கு வரப்போறியளோ?” என்று சிரித்தான். “இனிப் படிச்சு என்ன உத்தியோகம் பார்க்கப் போறீர்?” என்கிறார் கணவர். எனக்கு ஏன் இந்த ஆசை?

அன்புள்ள சகோதரிக்கு,

36 அங்குல மார்புச் சுற்றளவுக்குச் சட்டை வெட்டும்போது என்ன செய்வீர்கள்? நாலால் பிரித்து 9, தையலுக்கும் தளர்வுக்கும் இன்னும் ஒன்றரை. அடுத்த ஆளுக்கு 40 என்றால் அதே கணக்கை வேறு எண்ணில் போடுவீர்கள். மாறுகிற அந்த எண்ணுக்குத்தான் புத்தகத்தில் x என்று பெயர். ஆகவே படபடப்புக்குக் காரணம் கணக்கு இல்லை. அந்தப் புத்தகத்தைத் திறந்ததும் பக்கத்தில் வந்து குந்துவது, பாதியில் எழும்பி ஓடவேண்டி வந்த பதினாறு வயதுப் பிள்ளை. அழுகை அவளுடையது. வரட்டும், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஓடிய நாட்கள் கனவில் வந்து நித்திரையைக் கெடுத்தால் தனியே தாங்க வேண்டாம். தேசிய மனநல உதவி இலக்கம் 1926க்கு எடுத்துப் பேசுங்கள்.

கணவரின் கேள்வியை மட்டும் நான் தள்ளிவிட மாட்டேன், கேட்ட விதம் பிழை என்றாலும். வருமானம்தான் நோக்கம் என்றால் ஓ.எல் தேவையே இல்லை. தேசிய தொழில் தகைமை, அதுதான் என்.வி.கியூ., வகுப்புக்குப் போகாமலே, ஏற்கனவே கையில் உள்ள தொழிலைச் சோதித்துத் தருவார்கள். தையலுக்கும் அது உண்டு. ஆனால் உங்கள் கடிதத்தில் காசு பற்றி ஒரு சொல்லும் இல்லையே! அந்தப் பரீட்சை மேசையில் ஒருதரம் இருக்க வேண்டும், அவ்வளவுதானே? அதுவும் நல்ல காரணம்தான். வீட்டில் அப்படியே சொல்லுங்கள்.

நினைவு பற்றிப் பயம் வேண்டாம். வயதோடு வேகம் கொஞ்சம் குறையும். சொல்வளமும் அனுபவ அறிவும் இலேசில் குறையாது. திரும்பத் திரும்ப வாசிக்காமல், அரைமணி படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி, நினைவில் நிற்பதை எழுதிப் பாருங்கள். இரண்டு நாள் விட்டு மறுபடியும். அதுவும் நடு இரவில் ஒளித்து வேண்டாம். பின்னேரம், தையல் மெசினுக்குப் பக்கத்தில், எல்லாரும் பார்க்க.

பாடசாலைக்குப் போகாமல் ஓ.எல் எழுதும் தனிப்பட்ட பரீட்சார்த்திகளின் விண்ணப்பம் இப்போது இணையத்தில்தான். அடையாள அட்டையைக் கொடுத்து, சிரித்த மகனையே நிரப்பச் சொல்லுங்கள்.