மூன்றாம் ஆண்டுப் பால்குடம்

அன்புள்ள ஐயா,

என் மகன் சாதாரண நிலைத் தேர்வில் தேற வேண்டும் என்பதற்காக, மூன்று தைப்பூசங்களுக்குப் பால்குடம் எடுப்பதாக முருகனிடம் வேண்டிக்கொண்டேன். அவன் நன்றாகத் தேறினான்; இரண்டு ஆண்டுகள் எடுத்துவிட்டேன். சென்ற புரட்டாசியில் என் கணவருக்குச் சிறுநீரகங்கள் செயலிழந்துவிட்டன. இப்போது வாரம் மூன்று முறை ரத்தச் சுத்திகரிப்பு. வேண்டுதலில் ஏதோ குறை வைத்திருப்பாய் என்கிறார் என் நாத்தனார். இந்த ஆண்டு குடத்தைத் தூக்க மனம் வரவில்லை. எடுக்காவிட்டால் தெய்வக் குற்றமாகுமா? மகனுக்குக் கொடுத்தவர் கணவருக்கு ஏன் இப்படிச் செய்தார்? இனி எதை நம்பி அவர் முன்னால் போய் நிற்பது?

ஒரு வாசகி, யீஷூன், சிங்கப்பூர்

அன்புள்ள சகோதரி,

முதலில் உங்கள் நாத்தனாரின் சொல்லை ஒதுக்கிவிடுங்கள். சிறுநீரகம் கெடுவதற்கு நம்மிடையே பெரும்பாலும் நீரிழிவும் ரத்தக் கொதிப்புமே காரணம். அவை பல ஆண்டுகள் சத்தமின்றி அரித்துவிட்டுக் கடைசியில்தான் வெளியே தெரியும். நீங்கள் வேண்டிக்கொள்வதற்கு முன்பே தொடங்கியிருக்கக்கூடிய நோய்க்கு உங்கள் குடத்தில் ஓட்டை தேடுகிறார்கள். நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணின் தலையிலேயே பழியையும் ஏற்றிவைப்பது நம் உறவுகளுக்குக் கைவந்த கலை.

வேண்டுதலை நான் இகழ மாட்டேன், நானும் வேண்டிக்கொள்பவன்தான். ஆனால் தேர்வு முடிவு, வேலை, வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டுச் சாவி, பிள்ளையின் திருமணம் என்று நல்ல நாள்களில் மட்டும் முருகன் பெயரை வரவில் எழுதிப் பழகிவிட்டால், கெட்ட நாளைப் பற்றிலும் அவர் பெயரிலேயே எழுத வேண்டியதாகிவிடுகிறது. தைப்பூச ஊர்வலம் போய்ச் சேரும் டேங்க் ரோடு முருகன் கோயிலை 1859இல் எழுப்பியவர்கள் வட்டித்தொழில் செய்த நகரத்தார். பேரேடு எழுதுவதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. அவர்கள் சாமியிடம் நாமும் பேரேட்டோடுதான் போகிறோமோ என்று எனக்குச் சில சமயம் தோன்றும்.

என் தாயார் கடைசி ஆறு ஆண்டுகள் இதே சிகிச்சையில் இருந்தார். சிகிச்சை ஊசிக்காக இடக்கையில் ரத்தக்குழாய்களை இணைத்திருந்த இடத்தில் விரலை வைத்தால், தோலுக்கு அடியில் ஒரு வண்டு அடைபட்டு ரீங்கரிப்பது போலிருக்கும். காலையில் திருநீறு பூசியதும் அந்த இடத்தைத் தொட்டுப் பார்ப்பார். அதிர்வு நின்றால் உடனே மருத்துவமனைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். 1968இல் தைப்பூசம் பொது விடுமுறைப் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்ட பிறகும் ஆண்டுதோறும் விடுப்பு எடுத்துக் குடம் சுமந்தவர், அந்தக் கையில் கனம் தூக்கக் கூடாது என்றானதும் நிறுத்திக்கொண்டார். சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து நான் சுமந்து போவேன். அவர் டாக்சியில் முன்னதாக வந்து டேங்க் ரோட்டில் காத்திருப்பார். பால் அவருக்கு ஆகாது, ரத்தத்தில் பாஸ்பரஸ் ஏறிவிடும். அதனால் அபிஷேகப் பாலில் ஒரே ஒரு தேக்கரண்டி கேட்டு வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு குடிப்பார்.

குணமாக்கு என்று அவர் வேண்டி நான் கேட்டதில்லை. நாளைக்கு ஊசி முதல் தடவையிலேயே சரியாக இறங்க வேண்டும் என்பதே அவருடைய பிரார்த்தனை. சில நாள் அதுவும் பலிக்காது. இரண்டாம் முறை குத்த நேர்ந்தால், "வேல் வைத்திருக்கிறவனுக்கு ஊசி வலி எங்கே தெரியப்போகிறது" என்று முருகனை வாய்விட்டுத் திட்டுவார். மறுநாள் காலை அவனுக்கே விளக்கேற்றுவார். நம்பிக்கை என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்த இரண்டும் சேர்ந்தே நினைவுக்கு வருகின்றன.

ஆகவே உங்களுக்குக் கோபம் இருந்தால் கோபத்தோடே போய் நில்லுங்கள். பார்வை இழந்து திருவாரூருக்கு வந்த சுந்தரர், நீர் மட்டும் நன்றாக வாழ்ந்துபோம் என்று இறைவனை இடித்துப் பாடினார். அந்தப் பதிகத்தை யாரும் ஒளித்துவைக்கவில்லை, ஏழாம் திருமுறையில் வைத்து இன்றும் ஓதுகிறோம். சத்தியத்தை மீறியதால்தான் அவர் கண் போயிற்று என்கிறது புராணம். குற்றம் தம்மிடம் இருந்தும் அவர் சண்டையிட்டார் என்றால், குற்றமே செய்யாத உங்களுக்கு என்ன தயக்கம்?

இனி குடத்தின் விஷயம். மகனுக்காகச் சொன்ன வாக்கு மகனுக்கானது. அதைக் கணவரின் நோயோடு முடிச்சுப் போடாதீர்கள். இந்த ஆண்டு உடம்போ மனமோ இடங்கொடாவிட்டால் அடுத்த ஆண்டு எடுக்கலாம், அல்லது பலன் பெற்ற பையனே எடுக்கட்டுமே. குடத்தை எடுத்தால் அவர் பிழைப்பார், விட்டால் கெடுவார் என்று மட்டும் எண்ண வேண்டாம். தைப்பூசத்துக்காக அவருடைய சிகிச்சையை ஒரு முறைகூடத் தள்ளிப்போடாதீர்கள். ஊர்வலம் முந்தின நள்ளிரவு வாக்கில் தொடங்கி மறுநாள் இருட்டிய பிறகும் நடக்கும். எடுப்பதென்று முடிவு செய்தால், அவர் சிகிச்சைக்குப் போகும் நேரத்தோடு மோதாத நேரமாகப் பார்த்துப் பதிந்துகொள்ளுங்கள்.