தாய்மையும் உடைமையும் – கடிதம்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் டோனி மாரிசனின் ‘பிலவ்ட்’ (Beloved) நாவலை வாசித்து முடித்தேன். அடிமைப் பண்ணையிலிருந்து தப்பிவந்து, மீண்டும் அடிமையாகிவிடக் கூடாதென்று பெற்ற மகளைத் தன் கையாலேயே கொன்ற சேத்தியை ஏற்கவும் முடியவில்லை, வெறுக்கவும் முடியவில்லை. முதுகு கிழியச் சாட்டையடி பட்டவள், பண்ணையில் இளைஞர்கள் தன் முலைப்பாலைப் பறித்துக்கொண்டதையே ஏன் திரும்பத் திரும்பச் சொல்கிறாள்?

ஒரு வாசகி, திருச்சி

அன்புள்ள வாசகிக்கு,

1662இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் இயற்றப்பட்ட சட்டம், பிறக்கும் குழந்தை அடிமையா இல்லையா என்பதைத் தாயின் நிலையை வைத்தே தீர்மானித்தது. ஆகவே எஜமானனின் வன்புணர்வில் பிறந்த பிள்ளையும் அவனுக்கே சொத்தானது. அவன் செய்த கொடுமை அவனுக்கு வருமானமாகவும் ஆயிற்று. கறுப்பினப் பெண்களின் புனைவில் பாலியல் வன்முறையும் தாய்மையும் பிரிக்க முடியாதபடி பிணைந்து வருவதன் வேர் இதுதான் என்று நினைக்கிறேன்.

அந்த அடுக்களைக் காட்சியை மறுபடி வாசித்துப் பாருங்கள். பண்ணையில் உடன் உழைத்தவன், பதினெட்டு ஆண்டுகள் கழித்து வந்து, கர்ப்பிணியான உன்னையா அடித்தார்கள் என்று பதறுகிறான். அவளோ பாலைப் பறித்துக்கொண்டதைத்தான் பதிலாகச் சொல்கிறாள். அது, முன்னதாக அடிமைமுறை இல்லாத ஒஹாயோவுக்கு அனுப்பிவைத்த கைக்குழந்தைக்கான பால். வெள்ளைக் குழந்தைகள் குடித்தது போக மிஞ்சியதை மட்டுமே குடித்து வளர்ந்தவள் சேத்தி. தனக்குக் கிடைக்காததைத் தன் மகளுக்காவது கொடுக்க நினைத்தவளிடமிருந்து அதையும் பறித்தார்கள்.

இக்கதைக்குத் தூண்டுதலான மார்கரெட் கார்னர், 1856 ஜனவரியில் உறைந்திருந்த ஒஹாயோ நதியைக் கடந்து சின்சினாட்டிக்குத் தப்பிவந்தவர். பிடிக்க வந்தவர்கள் வீட்டைச் சூழ்ந்தபோது இரண்டு வயது மகளைக் கொன்றார். கொலைக்காக விசாரித்திருந்தால் அவரை ஒரு மனுஷியாக ஏற்றுக்கொண்டதாகியிருக்கும். ஆனால் தப்பியோடிய அடிமைகள் சட்டத்தின்படி அவரை உடைமையாகக் கருதி உரிமையாளனிடமே திருப்பி அனுப்பினார்கள்.

மாரிசன் சேத்தியைக் குற்றத்திலிருந்து விடுவிக்கவில்லை. மாமியார் பேபி சக்ஸால் அவள் செய்ததை ஆதரிக்கவும் முடியவில்லை, கண்டிக்கவும் முடியவில்லை. உங்கள் தவிப்பும் அதுதான். என்னை அதிகம் உலுக்கியவள் எல்லா (Ella) என்ற ஊர்ப் பெண். தகப்பனும் மகனுமாக இருவர் அடைத்துவைத்துச் சீரழித்ததில் பிறந்த சிசுவுக்கு அவள் பாலூட்ட மறுத்தாள். அது ஐந்து நாளில் இறந்தது. அந்த எல்லாவே சேத்தியின் கோபத்தைப் புரிந்துகொண்டும் அவள் செய்ததை ஏற்கவில்லை. ஆயினும் கொல்லப்பட்ட மகள் திரும்பி வந்து தாயை வதைக்கும்போது, ஊர்ப் பெண்களைத் திரட்டி அவள் வீட்டுக்கு அழைத்துச் செல்பவளும் அவளே.

அடுத்து கெய்ல் ஜோன்ஸின் ‘கொரெகிடோரா’வை (1975) வாசியுங்கள். அடிமைமுறையின் ஆவணங்களை எரித்துவிட்டார்கள் என்பதால், அந்தக் கொடுமைக்குச் சாட்சி சொல்லவே பிள்ளை பெற வேண்டும் என்று தலைமுறைதோறும் கேட்டு வளர்ந்த உர்சா, கணவனின் வன்முறையால் கருப்பையை இழக்கிறாள். அதன் பிறகு அவள் என்ன செய்வாள் என்பதுதான் நாவல்.